பிழை எண் இரண்டு

ஒட்டுசுட்டானில் பரஞ்சோதியர் மில்.
பெரும்போக நெல் ஈரத்தோடு வந்து
படலைவரை மூட்டை.
உலர்த்திகள் ஒன்பது, ஒரே சோடி வயரில்
ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்திருக்கிறது.
கேட்பது ஒரு பெட்டி மட்டும்.
மற்றவை, தன் எண்ணைக் கூப்பிட்டாலொழிய
வாய் திறவா.

இரவு பத்தரைக்கு நாலாம் உலர்த்தி சொல்கிறது:
எட்டு மூன்று. இரண்டு.

"பழுதோ?" என்கிறாள் யசோதினி,
கையில் ஈரமானி, காதில் பஞ்சு.

பழுதில்லை. மூன்று என்று கேட்டோம்.
அந்த மூன்றின் தலையில் ஒரு கொம்பை வைத்து
எங்களிடமே திருப்பித் தருகிறது:
கேள்வி கிடைத்தது,
கேட்ட விலாசம் என்னிடம் இல்லை.
ஒன்று என்றால், அந்த வேலை எனக்குத் தெரியாது.
மூன்று என்றால், நீ தந்த அளவு ஒவ்வாது.
ஆறு என்றால், கை வேலையாய் இருக்கிறேன், பிறகு வா.
இதைவிட மரியாதையாய் இரும்பு கதைக்காது.

கையேடு ஒன்றிலிருந்து எண்ணியிருக்கு,
உலர்த்தி பூச்சியத்திலிருந்து.
ஒரு வீடு தள்ளிக் கதவு தட்டியிருக்கிறோம்.
ஒன்றைக் கழித்தேன். நாற்பத்து மூன்று பாகை
என்று உடனே சொன்னது, கோபமில்லாமல்.

ஏழு அப்படியில்லை.
திரையில் "நேரம் கடந்தது" என்று எழுதியது ஏழல்ல,
காத்துக் களைத்த பெட்டி தானாய் எழுதியது.
கேள்வி வழியில் சிதைந்து போனாலும் இப்படித்தான்:
கூட்டிப் பார்க்கும், கணக்குப் பிசகினால் பேசாமல் இருந்துவிடும்.
வயர் அறுந்தாலும் இப்படித்தான்.
உள்ளே கருகிப் போயிருந்தாலும்.
பேசாமைக்கு எண் போடவில்லை ஒருவரும்.

டோர்ச்சோடு பின்வேலிவரை போனேன்.
போன கிழமை யானை சாய்த்த கம்பம்
சாய்ந்தபடியே; வயர் முழுசு.
கடைசி முனையில் நூற்றிருபது ஓம், இருக்கிறது.
நுளம்பு கடிக்கக் கடிக்க நின்று அளந்தேன்.
எல்லாம் சரி. ஏழு மட்டும் இல்லை.

திரும்பி வர
ஈரப்பதக் கொப்பிக்கு அடியில் இன்னொரு கொப்பி,
பதிவுத்தபால் துண்டுகள் ஒட்டியபடி.
"பதினொரு கடிதம்" என்றாள், என்னைப் பாராமல்.
"கொழும்புக்கு மட்டும் நாலு.
இரண்டு எண்டாவது அனுப்பலாம்."
யாரைப் பற்றியென்று நான் கேட்கவில்லை.
ஊதியின் இரைச்சல் பெரிதாய் இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

மூன்று தரம் கேள், பிறகு விடு.
பெட்டிக்குள் முன்பே கிடக்கும் கணக்கு இது.
யார் போட்ட மூன்றோ.

"கூட்டலாமோ அதை?"
"கூட்டலாம். ஆனால் ஏழுக்காய் நிற்கிற நேரம்
எட்டும் ஒன்பதும் பிந்தும்."

அவள் போய் எட்டாவதின் கதவைத் திறந்து
நாலு நெல்லை எடுத்து உமி நீக்கிக்
கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
"எட்டு தாங்கும்" என்றாள்.
"நீங்கள் கேளுங்கோ."