சத்தத்துக்கு மூன்று அறை

ஞாயிறு பூசை முடிந்த கையோடு
ஜாக்கி வைத்துவிட்டான்.
சந்து முழுக்க வண்டிதான்.
இரண்டே கதவு, தரையை நக்குகிற வயிறு.
மணலி யார்டில் டிசம்பர் வெள்ளத்தில் முழுகி
ஏலத்துக்கு வந்தது.
இனி கல்யாணமோ சாவோ
ஒருக்களித்துத்தான் உள்ளே வரணும்.

ரப்பர் கொக்கிகளுக்குச் சோப்புத் தண்ணி விட்டு
நெம்பிக் கழற்றினோம்.
பதினாறு கிலோ.
ரேஷன் மூட்டை பழகின இடுப்பில் வாங்கி
ஐஸ்பெட்டி மூடிமேல் வைத்தேன்.

அதற்குமுன் ஒன்று சொல்லணும்.
பெலிக்ஸ் பதினோரு வருஷம்
கப்பல் எஞ்சின் ரூமில் ஆயிலர்.
ஸ்டான்லியில் காதுக்குப் படம் வரைந்து கொடுத்தார்கள்:
மேட்டில் தொடங்கி
நடுவில் பொத்தென்று விழுகிற கோடு.
கனத்த சத்தம் கேட்கும், மெல்லிசு கேட்காது
என்றாள் அந்தப் பெண், கனத்த குரலில்.
குக்கர் விசில் போச்சு.
பால்காரன் மணி போச்சு.
என் குரலும் மெல்லிசு ரகம்தான்.

வண்டி வாங்கிய அன்று
காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஓட்டிவிட்டு
"செத்த வண்டிடி" என்றான்.
கம்பெனிக்காரன் அத்தனை பதவிசாய்
அதன் வாயைப் பொத்தி அனுப்பியிருந்தான்.
கியர் மாற்ற நேரம் வந்ததா என்று
ஸ்டியரிங்கில் உள்ளங்கை வைத்துப் பார்த்தான்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

கிரைண்டர் தையலோடு ஓடியது.
பொறி என் செருப்பைத் தாண்டி
முனிரத்தினம் வீட்டுக் கோலத்தில் விழுந்தது.
மேல்தகடு கழன்றதும்
இருவரும் எட்டிப் பார்த்தோம்.
சுவருக்குச் சுவர் ஓட்டை போட்ட குழாய்,
போனது திரும்பி, திரும்பியது மறுபடி போய்,
களைத்து வெளியேற ஒரு வாசல்.
சத்தத்துக்கு மூன்று அறை கட்டியிருக்கிறான்.
நாங்கள் ஐந்து பேர், ஒன்றரை.

கண்ணாடிப் பஞ்சு முழங்கை வரை அரித்தது.
மூன்றாம் அறையின் மூலையில்
கருப்பாய் ஒரு கட்டி.
ஸ்குரூ டிரைவரால் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனேன்.
தெரிந்த சேறு.
அந்த வாரம் எங்கள் பீரோவின் அடித்தட்டில்
சான்றிதழ்களோடு படுத்திருந்தது.
எண்ணெய்க் கசடும் உப்பும்.
சுவரில் அதன் கோடு இடுப்புயரத்தில் இன்னும் இருக்கிறது;
சுண்ணாம்பு அடித்தால் ஒரு மாதம் மறையும்.
பெலிக்ஸிடம் நீட்டினேன். முகர்ந்தான்.
மூக்கில் ஒரு குறையும் இல்லை அவனுக்கு.
கொஞ்ச நேரம் யாரும் எதையும் அறுக்கவில்லை.

அப்புறம் வெல்டிங்.
மூலக்கொத்தளத்தில் வாடகைக்கு எடுத்த செட்.
ஒவ்வொரு பொட்டு வைக்கும்போதும்
சந்தின் ஃபேன்கள் சோர்ந்து சுழன்றன,
கமருன்னிசா அக்கா வீட்டு டிவி அணைந்து அணைந்து எரிந்தது.
"கடைசி ஓவர்பா!" என்றது ஒரு ஜன்னல்.
நிறுத்தினோம். ஆறு பந்து.
தோற்றார்கள். தொடர்ந்தோம்.

இரண்டு அறையை உடைத்து
நேராய் ஒரு குழாய் போட்டான்.
சாவியைத் திருப்பினான்.
முனிரத்தினம் வீட்டு எவர்சில்வர் அத்தனையும்
தட்டுத் தட்டாய் அதிர்ந்தது.
டிரெய்லர் ஓட்டி விடியற்காலை வந்து படுத்த மனுஷன்
லுங்கியோடு மாடிப்படியில் நின்றார்.
திட்டவில்லை. கும்பிட்டார்.
அதுதான் தாங்கவில்லை.
பெலிக்ஸ் அவரைப் பார்க்கவே இல்லை.
பம்பரில் கன்னம் வைக்காத குறையாக
"கேட்டுச்சா?" என்று என்னைக் கேட்டான்.
"கேட்டுச்சாடி?"
வியாசர்பாடிக்கே கேட்டது.

ராத்திரி மறுபடி அறுத்தோம்.
குழாயின் வாய்க்குள் திரும்புகிற மாதிரி ஒரு தகடு,
அதை இழுக்க பழைய பைக்கின் கிளட்ச் கேபிள்.
மஃப்ளர் இடப்பக்கம். கேபிள் நீளம் அவ்வளவுதான்.
ஓட்டுகிறவனுக்கு எட்டாமல்
லீவர் என் சீட்டோரம் வந்து நின்றது.
முனிரத்தினத்திடம் நானே போய்ச் சொன்னேன்:
சந்தில் மூடி,
டோல்கேட் தாண்டும்வரை மூடி,
எண்ணூர் ரோட்டில் மட்டும்.

நேற்று போனோம்.
இந்தப் பக்கம் டிரெய்லர் வரிசை,
அந்தப் பக்கம் கருங்கல், கடல்.
ஏதோ சொன்னேன்,
முக்கியமில்லாததுதான்.
"என்ன?" என்றான்.
லீவரை இழுத்தேன்.