ஈற்றடி முச்சீர்

லாலாப்பேட்டைக்கு அந்தப் பக்கம்
காஞ்சனகிரிப் பாறைகளின் அடிவாரத்தில்
நாற்பத்தெட்டு ஏக்கர் வேலிக்காத்தான்.
மேல்விஷாரம் தோல்மண்டி முனவ்வர் பாய்
ஜீப்பின் பானட்டில் வரைபடத்தை விரித்து
நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.
"மூணே அடியில முடியுற குழி, நாலு.
இதே மாதிரி வேணும்மா. இஞ்ச் பிசகக் கூடாது."

பெயர்களைப் படித்தேன்:
ரெடான், ஈடன், பியாரிட்ஸ், ஷார்ட்.
ரெடான் கோட்டைக்காரர்களின் சொல்,
மதிலைவிட்டு மூக்கு நீட்டும் கொத்தளம்.
வேலூர்க்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை;
அகழியைப் பார்த்தபடி பஸ்ஸுக்கு நின்றே
பாதி ஆயுசு போனது.

ஸ்காட்லாந்தில் அதை யாரும் வரையவில்லை.
கடலோர மேடு அப்படிச் சாய்ந்து கிடந்தது.
பின்னால் வந்தவர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள்,
கப்பலேறிப் போய்
களிமண்ணிலும் காட்டிலும் அதைத் தேடினார்கள்.
கெட்டிக்காரர்கள் அளவை மறந்துவிட்டு
சாய்வின் குறும்பை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

நாள், மலர், காசு, பிறப்பு.
எந்த வெண்பாவும் இந்த நான்கில் ஒன்றில்தான்
வந்து நிற்க வேண்டும்,
கடைசி அடிக்கு மூன்றே சீர்.
பள்ளியில் பிரம்புக்குப் பயந்து படித்தது,
வெயிலில் லெவல் கருவியைச் சுமக்கும்போது
சும்மா வாயில் வந்தது.
வாய்பாடு நான்கு. சொல்லை நீதான் தேட வேண்டும்.

மூன்று நாள் நடந்தோம், நானும் ஜேசிபி எத்திராஜும்.
"எங்க வெட்டணும் மேடம்?"
"இப்போதைக்கு எங்கேயும் இல்லை."
மேட்டின் தோளில் ஒரு விளாங்காயை வைத்தான்.
அது யோசித்து, உருண்டு,
வலப்பக்கமாக ஒதுங்கிப் பின்னால் போய் நின்றது.
"இன்னா மேடம், தானா போவுது!"
படத்தில் இடப்பக்கம் போகிறது.
படத்தைத் திருப்பிப் பிடித்தேன்.

பியாரிட்ஸுக்குப் பள்ளம் வேண்டும்.
ஏரிக்குப் போகும் வரத்துக்கால் குறுக்கே கிடந்தது.
பாய் அதை மூடச் சொன்னார்.
"ஐப்பசியில் உங்கள் கிரீன்தான் ஏரியாகும்" என்றேன்.
மூடவில்லை. அதைத் தாண்டி அடிக்கட்டும்;
அக்கரைப் புல்லில் முழங்கால் ஆழத்துக்கு
அதன் நிழலை வெட்டினோம்.

ஈடனின் முதுகில் ஆறு ஓட வேண்டுமாம்.
பாலாறு எங்கேயோ; போனாலும் மணல்.
பந்து தொலையும் பயம்தானே ஆற்றின் வேலை?
கொஞ்சம் வேலிக்காத்தானை வெட்டாமல் விட்டோம்.

ஷார்ட்டுக்கு மட்டும் இடம் அகப்படவில்லை.
வேர் பிடுங்கிய மண்ணை எத்திராஜ்
ஒரு மூலையில் கொட்டிக்கொண்டே வந்தான்.
ஒருநாள் காலை அதன் உச்சியில்
ஏழெட்டு ஆடுகள்,
இறங்க வழி தெரியாத ஜமீன்தார்கள் மாதிரி நின்றன.
அங்கேயே கொடிக்கம்பை நட்டோம்,
சுற்றிலும் மணல், நூற்று முப்பது கஜம்.

ஆடிக்காற்றில் பாய் முதல் பந்தை அடித்தார்.
மணல்.
இரண்டாவதும் மணல்.
"படத்துல இருந்த மாதிரி இல்லையேம்மா.
எங்கயோ தட்டுது."

தட்டியது அவர் கை.
நான் ஒருமுறை சீர் பிரித்துப் பார்த்துவிட்டேன்;
தளை தட்டவில்லை.