மூடியைக் கழற்றாமல்

மிஷன் வீதிக் கடையில்
சவரிராயன் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.
"என்னையே ஒண்ணு எடுத்துப் பாருங்க."
வேண்டாம்,
மூடியைக் கழற்றாதீர்கள் என்றேன்.

ஐ.எஸ்.ஓ. ஆயிரத்து அறுநூறு. மூன்று நிமிடம்.
கறுப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் டீ சொல்லி அனுப்பினார்.

முதலாவது கல்யாணங்களுக்குப் போய்வந்தது,
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் முறை இமைத்தது.
திரையில் பெரிதாக்கினால்
அதன் இருட்டெங்கும் செம்புள்ளிகள், வேர்க்குருபோல.
நட்சத்திரங்கள் அல்ல,
அதன் சொந்தக் காய்ச்சல்.

இரண்டாவது புதுசு. கனம்.
மாட்டினால் என் ஆறங்குலத் தொலைநோக்கி
தலை தொங்கிப்போகும்.

வானத்துக்கென்றே செய்த கேமராவும் உண்டு,
முதுகில் விசிறியோடு.
தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டு
திருவாதிரைக்குக் கீழே, வேடனின் வாளில் கசியும் சிவப்பை
வடிகட்டாமல் வாங்கிக்கொள்ளும்.
விலை கேட்டேன்.
கைப்பைக்குள் சீட்டுப் பணம்
சற்று ஒடுங்கி உட்கார்ந்தது.

எங்கே வைத்து எடுப்பீங்க என்றார்.
தேவனாம்பட்டினம், மொட்டைமாடி.
தெற்கே சிப்காட்:
இரவு ஷிஃப்டில் நான் போட்டுவிட்டு வரும் விளக்குகளே
என் வானத்தின் அந்த ஓரத்தைத் தின்கின்றன.
மேற்கே நெய்வேலி.
மிச்சம் கடல் பக்கம்தான்,
அங்கே உப்புக்காற்றில் கண்ணாடி வியர்க்கும்.

மூன்றாவதன் திரையில் விரிசல்.
பட்டை அறுந்து, வேறு பட்டை தைத்திருந்தது.
மூன்று நிமிடக் கறுப்பில்
ஏழே புள்ளிகள்.
இன்னொரு முறை எடுத்தேன்.
அதே ஏழு, அதே இடத்தில்.

சவரிராயன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"இதுல ஒண்ணுமே இல்லீங்களே."
அதுக்குத்தான் காசு என்றேன்.
பதினேழாயிரம். டீயைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வந்த நாளிலிருந்து மேகம்.
ஐப்பசி யாரைக் கேட்டது?
குளிரூட்டிய கேமரா வாங்க முடியாதவள்
வாங்கிய கேமராவை
குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன்,
ஜிப் பையில், மூடி மூடியபடி,
பார்வைத் துளையில் கறுப்பு டேப் ஒட்டி.
எந்தக் குளிரில் எத்தனை புள்ளி என்று
ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு.

தண்ணீருக்கு வந்த இளம்பரிதி
கதவைத் திறந்தவன், பதறி,
"வெளிச்சம் பட்டுடுச்சா?" என்றான்.
இல்லை, மூடு.

ஒன்பதாவது இரவு. ஓட்டு வீடுகள்மேல் மழை.
தோசை மாவுக்குப் பின்னாலிருந்து
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
டக்.