கொள்கையளவில்

ஒரே ஒரு பக்கம். நாலு மணிக்குள் தமிழ் வேண்டும் என்றாள் திலினி.
இரவு ரயிலில் வந்தவள், கண் இன்னும் சிவப்பு.
உப்புவெளி ஹோட்டலில்
ஏசி சொட்டும் மூலையில் எனக்கொரு மேசை,
கீழே ஒரு நீல வாளி.

அயல்நாட்டின் அறிக்கை.
நாங்கள் ஒரு கூட்டமைப்பில் சேரக் கேட்டிருக்கிறோம்.
அவர்கள் முன்பே உள்ளே இருப்பவர்கள்.
கதவுக்கு அந்தப் பக்கம் நின்று
கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வரி சுகம்:
வரவேற்கிறோம்.
தமிழுக்கு வாழைமரம் கட்டச் சொல்லித்தர வேண்டாம்.
ஆனால் எதை? விண்ணப்பத்தையா, வருகையையா?
மூலத்தை மறுபடி பார்த்தேன்.
விருப்பத்தை.
சாப்பிட வந்தவனிடம்
உன் பசியை வரவேற்கிறோம் என்பதுபோல.

அடுத்தது, கொள்கையளவில் ஆதரவு.
இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சொல்லோடு சீவிக்கிறேன்.
கொள்கையளவில் எனக்கு இரண்டுமுறை
சம்பளம்கூட ஏறியிருக்கிறது.
அளவென்றால் எனக்குத் தெரிந்தது கொத்து, சுண்டு.
கொள்கையை எந்தச் சுண்டால் அளப்பது,
தலைதட்டியா, கும்பமாகவா?

மூன்றாவது வரி
உறுப்பு நாடுகளிடையே கருத்தொருமை கனியும்
உரிய வேளையில்.

ஜன்னலுக்கு வெளியே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
நீருக்குள் தலை தாழ்த்தியிருந்தவன்
ஒரு கையைத் தூக்கினான்.
அதுதான் உரிய வேளை, வேறெதுவும் இல்லை,
இரண்டு பக்கமும் கயிறு ஓடத் தொடங்கியது.

மேல்மாடியில் அவர்களுடைய தூதர்
தேத்தண்ணி ஆறவிட்டுத் தொடுவானத்தில் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எங்கள் விண்ணப்பத்தை அவர்
அவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா தெரியாது.
இந்தத் துறைமுகத்துக்கு
போர்த்துக்கேயன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான்,
பிரெஞ்சுக்காரன், இங்கிலீசுக்காரன்.
ஒருத்தனும் படிவம் நிரப்பவில்லை.

மூன்றரைக்கு முடித்தேன்.
இந்தத் தமிழ் எனக்கு எங்கேயோ பழகின தமிழாக இருந்தது.
எங்கே என்று தட்டச்சுப் பிழை பார்க்கும்போது பிடிபட்டது.

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கைக் கடைசியில்
சூசைதாசன் இருக்கிறான். மன்னாரான்.
வந்து ஆறு வருஷம், சங்கத்தில் சேரக் கேட்டு ஒரு வருஷம்.
என் கணவர் சிவலோகன் செயலாளர்.
எனக்கென்ன ஆட்சேபனை, மற்றவையையும் கேட்கவேணும் என்றார்.
மற்றவையும் எனக்கென்ன ஆட்சேபனை என்றார்கள்,
மற்றவையையும் கேட்கவேணும் என்றார்கள்.
கூட்டக் குறிப்பை நல்ல தமிழில் எழுதித் தரச்சொன்னார்,
எழுதினேன்.
அவனுடைய கடிதம் இப்போதும் எங்கள் வீட்டில்தான்,
ஃப்ரிட்ஜுக்கு மேலே
தண்ணிக் கட்டண பில்லுக்குக் கீழே.

'நல்லதுதானே சொல்லியிருக்கிறாங்க, மிஸ்?'
திலினி கேட்டாள், பாடசாலையில் படித்த தமிழில்.
தமிழில் இன்னும் நல்லாக வந்திருக்கு என்றேன்.
அவள் சிரித்தாள். வாளி நிறைந்து வழிந்தது.

கோட்டை வாசலில் ஆட்டோ நின்றது.
புள்ளிமான் இரண்டு தெருவின் குறுக்கே,
ஒன்று கச்சான் சுற்றின கடதாசியை
அச்சு மையோடு மென்றுகொண்டிருந்தது.
காவலுக்கு நின்ற ஆமிக்காரன் அதை ஒன்றும் கேட்கவில்லை.

ஒழுங்கைக் கடைசியில் சூசைதாசன்
மதிலில் வலையைப் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தான்.
'அக்கா, பெரிய ஆக்கள் வந்தவையாம்?'
ஓம்.
'என்னவாம்?'
சந்தோசமாம்.
'அப்ப சேர்த்துக்கொள்ளுவினம்.'

நான் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.
அவன் உள்ளே போய்
ஒரு ஷொப்பிங் பேக்கோடு வந்தான்.
பாரை. காலமை பட்டது, இன்னும் கண் தெளிவு.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து
வாங்கிக்கொண்டேன்.

நிறுக்கவில்லை.
முக்கால் கிலோ இருக்கும்.