துணைவினை

செவ்வாய் இரவு ஏழரை. நியூட்டன் பக்கம், மூன்றாம் மாடி.
இரண்டு முறை கழுவியும் விரலில் கிரீஸ் வாசம்.
சொலேன் பலகையில் ஒரு வீடு வரைகிறாள்:
வாசல், மாடிப்படி, ஒரேயொரு சன்னல்.
இந்த வீட்டில் வருகிற, போகிற, ஏறுகிற, இறங்குகிற,
பிறக்கிற, சாகிற வினைகளுக்கெல்லாம்
இறந்தகாலத்தில் 'எத்ர்' துணைக்கு வரும்.
அதாவது, இரு.
மற்றவற்றுக்கு 'அவ்வார்'.
அதாவது...

அதற்குத் தமிழில் வினை கிடைக்கவில்லை எனக்கு.
என்னிடம் நூறு வெள்ளி இருக்கிறது.
எனக்குக் காய்ச்சல் இருக்கிறது.
எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பெர்த்தில்.
எதையும் நாங்கள் பிடித்து வைத்துக்கொள்வதில்லை,
அதுவாக வந்து பக்கத்தில் இருக்கிறது.

பிறந்ததற்கு எத்ர், செத்ததற்கு எத்ர்,
நடுவே வாழ்ந்ததற்கு மட்டும் அவ்வார். ஏன்?
கேட்டது வரி அலுவலகத்து ஜுன் வெய்.
சொலேன் தோளைக் குலுக்கினாள்.
அதுவும் பிரெஞ்சுதான் என்று குறித்துக்கொண்டேன்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவள்.
ஈசூனில் நாற்பத்திரண்டு பெட்டிகள் என் பொறுப்பு.
பெயரில்தான் தூக்கி, பாதி நேரம் இறக்கி.
தை பிறந்ததும் மூன்று மாதப் பயிற்சி, கிரெனோபிளில்.
அதற்குத்தான் இந்தப் பாடு.

பக்கத்தைத் திருப்பினால் ஒரு பொறி:
நானே இறங்கினால் எத்ர்,
பெட்டியை இறக்கினால் அதே வினைக்கு அவ்வார்.
வகுப்பே பெருமூச்சு விட்டது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இறங்கு, இறக்கு. திரும்பு, திருப்பு.
ங் போய் அங்கே க் உட்கார்ந்தால்
யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று
எட்டு வயதில் தெரிந்துகொண்டதுதானே.

வீட்டுப்பாடம்: நேற்று நடந்தது, ஐந்து வாக்கியம்.

ஒன்று. நான் மேல்தளத்து இயந்திர அறைக்கு ஏறினேன். எத்ர்.
இரண்டு. பிரேக்கைத் தளர்த்தினேன். அவ்வார்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நின்ற பெட்டி
அங்குலம் அங்குலமாக எட்டுக்கு வந்தது.
உள்ளே ஒரு சலவை இயந்திரம், அதன்மேல் ஒரு பெண்,
காலடியில் மூன்று அட்டைப்பெட்டிகள்.
மூன்றிலும் கறுப்பு மையில் ரொஹானி, ரொஹானி, ரொஹானி.
வீடு மாறுகிறீர்களா என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.
"சுடா" என்றாள்.
ஆயிற்று, முடிந்தது, நடந்துவிட்டது:
மலாய்க்கு எல்லா வினைக்கும் அந்த ஒரே துணை.
தமிழ்க் காதில் அது
சுடாத ஏதோ ஒன்றாய் விழுந்தது.

மூன்று. சலவை இயந்திரத்தை இறக்கினோம். அவ்வார்.
நான்கு. நான் இறங்கினேன். எத்ர்,
பெண் என்பதால் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்.
எழுத வேண்டும், ஒலிக்கக் கூடாது.

ஐந்து. ரொஹானி

இங்கே பேனா நின்றது.
ஒன்பதாம் மாடியில் கதவைச் சோதிக்கப் போனபோது
நடைக்கூடத்தில் சாத்திய இரும்புக் கதவு,
வெளியே ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்து.
உள்ளே தொலைக்காட்சியில் பந்தாட்டம்.
வெளியேறினாளா, வெளியேற்றினார்களா?
ஒரு றகரம் கடினமாவதில் இருக்கிறது மொத்தக் கதையும்.
கேட்கவில்லை நான்.
பழுது நீங்கியது என்று கையெழுத்துதான் வாங்கினேன்.

சொலேன் அந்த வரியைப் பேனாவால் தட்டுகிறாள்:
துணைவினை எங்கே?
தெரியாது என்றேன்.
அவள் இரண்டையும் எழுதிக் காட்டினாள், ஒன்றன்கீழ் ஒன்றாக.
தானே போனாலும், பிறர் அவளைப் போக்கினாலும்
வினையின் கடைசியில்
அந்த ஒலிக்காத எழுத்து அவளோடு போகிறது.

வகுப்பு முடிந்தது. இந்தக் கட்டடத்துப் பெட்டி
இரண்டாம் மாடி தாண்டுகையில் முனகுகிறது,
தண்டவாளத்துக்கு எண்ணெய் வேண்டும்.
என் வட்டாரம் இல்லை.
இறங்கினேன்.