கைமாறு

கான்காலில் ஓதம் வற்றினால்
கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும்.
நான்கு மணி நேரம்தான்.
அதற்குள் இரும்புச் சட்டங்களின் மேல் கிடக்கும்
சிப்பிப் பைகளைப் புரட்டிப் போட வேண்டும்,
பாசியை உதற வேண்டும்,
டிராக்டர் சேற்றில் புதையும் முன் கரையேற வேண்டும்.
என் வலக்கையை வின்ச் எடுத்துக்கொண்டு
பதினோரு வருடமாகிறது.
இதை வேலைக்கு நடுவில்தான் சொல்ல முடியும்.

முதலில் கொடுத்தது கொக்கி.
இரண்டு எஃகு விரல், ஒரு கம்பி,
இடது தோளைச் சுற்றி ஒரு பட்டை.
தோளை முன்னே தள்ளினால் திறக்கும்,
தளர்த்தினால் ரப்பர் வளையங்கள் மூடிவிடும்.
இன்னும் இறுக்கமாகப் பிடிக்க
இன்னொரு வளையம் மாட்டு.
அதற்குமேல் அதில் ரகசியம் கிடையாது.

பிறகு கருப்புக் கை வந்தது.
பதினான்கு விதமாய்ப் பிடிக்கும்.
இரவெல்லாம் சார்ஜ், காலையில் போனில் கடவுச்சொல்,
மாதம் ஒருமுறை ‘புதுப்பிக்கவா?’
புதுப்பித்தால்
போன வாரம் பழக்கிய பிடி மறந்திருக்கும்.
தண்ணீர் ஆகாது அதற்கு.
சிப்பிக்காரிக்குத் தண்ணீர் ஆகாத கை!

பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
மதுக்கடையில் கோப்பையைத் தூக்கினால்
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
எர்வான் அந்த விரல்களைக் கோத்துக்கொண்டு நடப்பான்.
எனக்கு ஒன்றும் தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது,
அது போதுமென்று இருந்தேன்.

நவம்பர். சனிக்கிழமைச் சந்தை.
மதாம் ல கோஸ்கே ஒரு டஜன் சிப்பி கேட்டாள்,
கூடவே எலுமிச்சை.
எடுத்து நீட்டினேன்.
கை விடவில்லை.
போனைப் பார்த்தால்:
‘இச்சேவை நிறைவுற்றது.
உங்கள் பயணத்தில் உடன் வந்ததில் மகிழ்ச்சி.’
அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன்.
வரிசையில் அடுத்து நின்றவர் கத்தியைக் கொடுத்தார்.
கடைசியில் பழத்தை விரல்களுக்கிடையிலேயே
அறுத்தெடுத்துக் கொடுத்தோம்,
சாறு மோட்டாருக்குள் வடிய வடிய.

நிறுவனம் கைமாறியிருந்தது.
வாங்கியவர்கள் கைகழுவிவிட்டார்கள்.
ஆளாளுக்குக் கைவிட்டார்கள்,
கை மட்டும் விடவில்லை.

கடிதம் போட்டேன். பதில் வந்தது:
விரலும் மோட்டாரும் என்னுடையவை,
அவற்றை அசைக்கும் நிரல் அவர்களுடையது,
திறந்து பார்ப்பது ஒப்பந்த மீறல்.
ஒன்பதாம் பக்கத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேனாம்.
எந்தக் கையால் என்று நினைவில்லை.

கொக்கி இழுப்பறையில் இருந்தது,
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.
கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது.
சைக்கிள் கடையில் பிரேக் கம்பி நான்கு யூரோ.
எந்த மாடலுக்கு என்றான்.
தோளுக்கு என்றேன்.

இப்போது முழங்கால் வரை சேறு, உப்புநீர், காற்று.
பையைக் கொக்கி கவ்வுகிறது.
எடை கம்பியில் ஏறி இடது தோளுக்கு வருகிறது.
கொழுத்த பையா, பாதி செத்த பையா,
திறக்காமலே தோள் சொல்லிவிடும்.
பதினான்கு பிடிகளில் ஒன்றாவது
எனக்கு எதையாவது சொன்னதுண்டா?

அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன்.
எர்வானின் கம்பளிச் சட்டைகளெல்லாம்
இழை பிரிந்து தொங்குகின்றன.
பேருந்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது.
இதுவும் ஒருநாள் உடையும்.
உடைந்தால்
உடைந்த இடம் என் கண்ணுக்குத் தெரியும்.

கருப்புக் கையை எறியவில்லை.
சந்தை மேசையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.
சிறிய பழமாய்ப் பார்த்துச் செருகினால்
கச்சிதமாய் உட்கார்ந்துகொள்கிறது.
மதாம் ல கோஸ்கே வாரா வாரம் வந்து
அதைப் பிடுங்கித்தான் ஆவேன் என்கிறாள்,
போன வாரம் ஜெயித்தும்விட்டாள்.

அதோ, தூரத்தில் வெள்ளிக் கோடு.
ஓதம் ஏறத் தொடங்கிவிட்டது.
இன்னும் இருபது பை இருக்கிறது.