அடிக்கணக்கு

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறை.
ரிக் வண்டியின் பின்கதவில்
அன்னம் வரைந்துகொண்டிருந்தார் அர்த்தநாரி.
நீலம் தீர்ந்துவிட்டதால்
ஏரி பாதியில் நின்றது.

"அன்னத்தைப் பார்த்திருக்கீங்ளா?" என்றேன்.
"வாத்தைப் பார்த்திருக்கறனுங்க.
கழுத்தை நானாப் போட்டுக்குவேன்."
பதினேழு வருடமாக நான் செய்யும் வேலையை
இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு
பிறகு பொறாமையில் அடித்துவிட்டேன்.

நான் வந்தது வேறு வேலையாக.
என் நாவலில் ஒருவன் ராஜஸ்தான் போகிறான்.
அவனுக்காக நானும் போய்வந்தேன்:
ஒன்பது நாள், மூன்று கோட்டை,
ஒட்டகத்தின் மேல் ஒரு சாயங்காலம்,
பேரம் பேசி வாங்கிய
கண்ணாடி பதித்த பாவாடை ஒன்று.
திரும்பி வந்து எழுதிய அத்தியாயத்தில்
எல்லாமே இருந்தது,
சுற்றுலாத் துறை அச்சடித்து விநியோகிக்கலாம்.
அவன் மட்டும்
அங்கே போய்ச் சேரவில்லை.

அங்கே பதினொரு மாதம் இருந்தவர்
பழைய டயர் மேல் உட்கார்ந்து
டீ குடித்துக்கொண்டிருந்தார்.
நாச்சிமுத்து. டிரில்லர்.
"கோட்டையா? இருக்குதாமுங்க. நாங்க பார்க்கலை.
ராத்திரியெல்லாம் ஓட்டுவோம், பகல்ல தூங்குவோம்."
பிறகு ஊர்களைச் சொன்னார்,
பெயர் மறந்துபோய், ஆழத்தால்:
முந்நூறில் செம்புகை கிளம்பிய ஊர்,
நானூற்று இருபதில் வெள்ளைத் தூள் வந்து
நாக்கில் வைத்தால் கரித்த ஊர்,
பிட்டு சிக்கி நாலு நாள் நின்றதில்
தெருப் பிள்ளைகள்
தமிழில் பத்து வரை எண்ணப் பழகிய ஊர்.

நான் மேலோடு நடந்து வந்த தேசத்தில்
அவர் ஆறரை அங்குல அகலத்தில்
இறங்கியிருக்கிறார்.

கூலி அடிக்கணக்கு.
தண்ணீர் வந்தாலும் அதே,
வராவிட்டாலும் அதே.
எனக்கும் பக்கக்கணக்குத்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் சிரிக்கமாட்டார் என்று தோன்றியது.

டீயில் ஆடை கட்டிய பிறகு
இதைச் சொன்னார்.
ஒரு தோட்டத்தில் அறுநூறுக்குக் கீழே
வந்த தூளைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது,
இனி ஒன்றுமில்லை.
இன்னொரு ஐம்பது என்றான் தோட்டத்துக்காரன்.
பிறகு இன்னொரு ஐம்பது.
ஒவ்வொரு ஐம்பதுக்கும் வீட்டுக்குள் போய்
யாரிடமோ சத்தம் போட்டுவிட்டு வந்தான்.
எண்ணூற்று ஐம்பதில் கம்ப்ரசர் நின்றது.
"நிறுத்துங்கங்கற ஒரு வார்த்தை
அவிய பாசையிலே எனக்குத் தெரியுமுங்க.
சொல்லலை."

காற்று ஒரு சுற்றுச் சுற்றியது.
ஈர அன்னத்தின் மேல்
லாரிப் புழுதி உட்கார்ந்தது.
அர்த்தநாரி யாரையென்று இல்லாமல் திட்டினார்.

அந்தத் தூள் எனக்கும் தெரியும்.
நூற்றெண்பதாம் பக்கம் வாக்கில்
விரலில் ஒட்டும்.
அதற்குப் பிறகும் நானூறு வரை ஓட்டியிருக்கிறேன்,
இரண்டு நாவல்களில்.
ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது.

"இதையெல்லாம் எழுதிப்போடாதீங்க"
என்றார் நான் எழுந்தபோது.
"சரிங்க" என்றேன்.
எங்கள் ஊர்ப்பக்கம் சரிங்க என்பது நாலு விதம்.
அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்,
எது என்று தெரிந்திருக்கும்.

ஆகவே,
நாச்சிமுத்து அவர் பெயர் இல்லை.
அந்தத் தோட்டம் ராஜஸ்தானில் இல்லை.
ஆழத்தையும் மாற்றிவிட்டேன்,
கூட்டினேனா குறைத்தேனா என்பது
எனக்குள் இருக்கட்டும்.
தோட்டத்துக்காரன் உள்ளே போய்ச் சத்தம் போட்டது
நானாகப் போட்ட கழுத்து.
"சொல்லலை" என்பதில் மட்டும்
கை வைக்கவில்லை.

ஈரோட்டு பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியில் முழங்கையைக் கொடுத்து நின்றபடி
ஒட்டகத்தை அடித்தேன்,
மூன்று கோட்டைகளையும் அடித்தேன்.
காவிரிப் பாலம் வந்தது,
யாரோ ஜன்னல் வழியாகச் சில்லறை வீசினார்கள்.
பாவாடையை மட்டும் விட மனசு வரவில்லை.
நானூறு சொன்னதை
இருநூற்றைம்பதுக்கு வாங்கியது.